அம்மாவின் வலிப்பு மாத்திரை ஸ்டாக் இல்லையாம், 7 தான் மிச்சம்

பட்டர்வொர்த் மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. 14 வருடமாக வலிப்புக்குக் கார்பமசெபின் சிஆர் 200 மில்லிகிராம் (மருந்து மெதுவாக வெளிவரும் வகை), காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கடைசியாக வலிப்பு வந்தது 2016இல், தீபாவளி வேலையில் இரண்டு நாள் மாத்திரையை மறந்தபோது. மாதா மாதம் அரசு மருத்துவமனை பார்மசியில் நம்பர் எடுத்து வாங்கி வருவோம். இந்த முறை 10 மாத்திரையைக் கொடுத்து, ஸ்டாக் இல்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டரைப் பார்க்கும் தேதிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போய் புலாவ் தீக்குஸ் பக்கம் ஐந்தாறு கடை ஏறி இறங்கினேன், சாதாரண கார்பமசெபின் இருக்கிறது சிஆர் இல்லை என்கிறார்கள், சிலர் டாக்டர் சீட்டு எங்கே என்கிறார்கள், ஒருவர் ஆன்லைனில் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நேற்றுதான் கவனித்தேன், சாமி மேடையில் இருந்த காலி விபூதி டப்பாவில் 14 அரைத் துண்டுகள். மூன்று நாளாகக் காலையில் பாதி, ராத்திரி பாதிதான் போட்டிருக்கிறார். கேட்டால், "இருக்கிறத நீட்டிக்கிட்டு வரேன், எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்கிறார். சென்னையில் இருக்கும் சித்தி பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

கவுண்டர் அக்கா:
தங்கச்சி, நான் பார்மசி கவுண்டரில் 11 வருடம் நின்றவள். முதலில் அம்மாவின் அந்த நீட்டல் வேலையை நிறுத்துங்கள். பாதி அளவில் மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை என்றால் நாலாவது நாளும் ஆகாது என்று அர்த்தம் இல்லை, வலிப்பு மாத்திரையைத் திடீரென்று குறைத்தாலே வலிப்பு திரும்பும், சில பேருக்கு நிற்காமல் அடுத்தடுத்து வரும். சிஆர் மாத்திரையைக் கோட்டில் இரண்டாக உடைப்பதால் மருந்து கெடாது, பொடி செய்யவோ மெல்லவோதான் கூடாது. அதனால் வேளைக்கு இரண்டு துண்டாகப் பழைய அளவுக்கே வரலாம், ஆனால் அந்த மருத்துவமனைக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அப்படிப் போட்டால் மூன்றரை நாள் வரும். அவ்வளவுதான் உங்கள் கையில் இருக்கும் நேரம், நாலு மாதமும் இல்லை, இரண்டு வாரமும் இல்லை.

நாளைக் காலையிலேயே போங்கள். கவுண்டரில் "மருந்து இருக்கா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரை அழுத்திவிடுவார்கள். "வலிப்பு நோயாளி, மூன்று நாளில் மருந்து தீருது, பார்மசிஸ்ட்டிடம் பேசணும்" என்று சொல்லுங்கள். வேறு எந்த மருத்துவமனையில், எந்த கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) இருப்பு இருக்கிறது என்று அவர்களையே விசாரிக்கச் சொல்லுங்கள். ஒரு அரசு இடத்தில் எழுதிய மருந்தை இன்னொரு அரசு இடத்தில் வாங்க எஸ்பியுபி என்ற ஏற்பாடு இருக்கிறது. எங்கேயுமே இல்லையென்றால் டாக்டரிடம் அனுப்பச் சொல்லுங்கள், ஒன்று வெளியே வாங்கச் சீட்டு எழுதுவார், இல்லை சாதாரண மாத்திரைக்கு மாற்றுவார். சாதாரணத்தை நீங்களாகவே வாங்கி அதே இரண்டு வேளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது ரத்தத்தில் சீக்கிரம் ஏறி இறங்கும், தலை சுற்றும், ஒன்று இரண்டாகத் தெரியும். எத்தனை வேளையாகப் பிரிப்பது என்பதை டாக்டர்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, அதற்குள் வலிப்பு வந்துவிட்டால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிற வேலை வேண்டாம், வாயிலும் எதுவும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 999.

செந்தூல் அப்பா:
என் பையனும் இதே மருந்துதான். போன வருடம் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள், பெயரும் அதே, அளவும் அதே, ஆனால் ஒரு வாரம் பையன் குடித்தவன் மாதிரி தள்ளாடினான். எல்லோருக்கும் இப்படி ஆகாது, ஆனாலும் வலிப்பு மருந்தில் கம்பெனி மாறினால் டாக்டருக்குச் சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் ரத்தத்தில் மருந்து அளவு பார்க்கச் சொன்னோம், லிட்டருக்கு 4 முதல் 12 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டுமாம். காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுப்பார்கள், பசியாறிவிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள், நான் நின்றேன், திரும்ப வரச் சொன்னார்கள்.

பிறை பையன்:
பார்சல் வேண்டாங்க. சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத மருந்தைப் பயணப் பையில் கையோடு கொண்டு வரலாம், தபாலில் வருவது வேறு கதை, கஸ்டம்ஸில் மாட்டினால் அம்மாவுக்குத்தான் நாள் போகும். ஆன்லைனில் விற்பதை எல்லாம் நம்பாதீர்கள். கடையில் வாங்கினாலும் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் மலேசியப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டர்வொர்த் மகள்:
எல்லோருக்கும் நன்றி. மருத்துவமனையில் போனிலேயே முழு அளவு போடச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அக்கா சொன்ன மாதிரியே பேசினேன், பார்மசிஸ்ட் உள்ளே கூப்பிட்டு நாலு இடத்துக்குப் போன் போட்டார், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு இடத்தில் இருந்தது. ஒரு மாதத்துக்கு வாங்கியாகிவிட்டது, அதே கம்பெனிதான். இனி 10 நாள் மிச்சம் இருக்கும்போதே போன் செய்து கேட்கச் சொன்னார்கள். டப்பாவில் மிஞ்சிய துண்டுகள் ஓரம் பொடிந்துபோயிருந்தன, கவுண்டரிலேயே கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குத்தான் மனசே இல்லை, அந்த டப்பாவை மட்டுமாவது திருப்பி வாங்கிட்டு வந்தியா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.