தக்காண லாவாவுக்கு அடியில் பார்க்க எம்.டி. ஆய்வை நம்பலாமா?

கருங்கல் எழுதியது:

குஜராத்தின் சௌராஷ்டிராவில் பெரும்பகுதியில் தரைக்கு மேல் தெரிவது தக்காண பசால்ட், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த லாவா. அதற்கு அடியில் டைனோசர்கள் வாழ்ந்த மெசோசோயிக் காலப் படிவுப் பாறைகள் புதைந்திருக்கின்றன. அங்கே லோதிகா என்ற இடத்தில் தோண்டிய ஆழ்துளை அதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டது. எண்ணெயும் எரிவாயுவும் அந்தப் படிவுகளில் இருக்கக்கூடும் என்பதால்தான் இத்தனை அக்கறை. ஒவ்வோர் இடத்திலும் துளையிடாமல் அவற்றை எப்படிக் கண்டறிவது? நிலத்துக்குள் அதிர்வை அனுப்பி அது திரும்பி வருவதை அளக்கும் அதிர்வலை ஆய்வு பிறகு வரட்டும், அடியிலுள்ள பாறைகளின் மின்தடையைத் தரையிலிருந்தே அறியும் மேக்னெட்டோடெல்லூரிக் எனப்படும் எம்.டி. ஆய்வுதான் முன்னால் போக வேண்டும் என்பது என் கட்சி.

பசால்ட்டில் அதிர்வலை வினாடிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அடியிலுள்ள படிவில் அதைவிட மெதுவாக. வேகம் குறைந்த அடுக்கின் மேற்பரப்பிலிருந்து முறிவலை, அதாவது அடுக்கின் எல்லையில் திசை மாறி வரும் அலை, மேலே திரும்பி வராது. போதாக்குறைக்கு பசால்ட் ஒரே கட்டி அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல லாவா ஓட்டங்கள், நடுநடுவே செம்மண் பட்டைகள். அலை அங்கேயே சிதறி வலுவிழக்கிறது. மின்தடையை எடுத்துக்கொண்டால் நிலைமையே வேறு. பசால்ட் சில பத்து முதல் நூற்றுச் சொச்சம் ஓம் மீட்டர். உப்புநீர் ஊறிய களிப்பாறையும் மணற்பாறையும் பத்தை ஒட்டி. அடியில் கிடக்கும் கிரானைட் அடிப்பாறை ஆயிரத்துக்கும் மேல். நடுவில் மின்சாரம் எளிதாகப் பாயும் அடுக்கு ஒன்று இருந்தால் எம்.டி.க்குத் தப்பாது. வெடி வைக்க வேண்டியதில்லை. மின்னலும் சூரியக் காற்றும் எழுப்பும் இயற்கை மின்காந்த அலைகளே போதும்.

அதிர்வலை எழுதியது:

தப்பாது என்று அடித்துச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அத்தகைய அடுக்கில் எம்.டி. உறுதியாக உணர்வது தடிமனையும் அல்ல, மின்தடையையும் அல்ல. தடிமனை மின்தடையால் வகுத்து வரும் ஈவை. 10 ஓம் மீட்டரில் 200 மீட்டர், 20 ஓம் மீட்டரில் 400 மீட்டர்: இரண்டுக்கும் ஈவு 20. தரையில் வைத்த கருவிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. படிவு இரண்டு மடங்கா இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாத முறையை வைத்துக்கொண்டு எந்த வளத்தைக் கணக்கிடுவீர்கள்?

இன்னும் இருக்கிறது. பசால்ட்டின் பிளவுகளில் உப்புநீர் நிறைந்தாலும், அது சிதைந்து களிமண்ணானாலும் மின்தடை சரிந்துவிடும். இல்லாத படிவை இருப்பதாகச் சொல்லிவிடுவீர்கள். படிவு இறுகிய சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் தடை ஏறிவிடும். இருப்பதையே இல்லை என்பீர்கள். முறிவலை திரும்பாது என்பதும் பாதி உண்மைதான். நெடுந்தூரத்தில் பதிவாகும் அலைகளின் வருகை நேரத்தில் விழும் இடைவெளியே, நடுவில் வேகம் குறைந்த அடுக்கு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

களப்பணி எழுதியது:

இருவரும் பாறையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பதிவைப் பற்றிச் சொல்கிறேன்.

50 ஓம் மீட்டர் பசால்ட்டில் 10 ஹெர்ட்ஸ் அலை சுமார் 1.1 கிலோமீட்டர் இறங்கும். 1 ஹெர்ட்ஸ் அலை சுமார் மூன்றரைக் கிலோமீட்டர். நமக்கு வேண்டிய ஆழம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மின்னல் தரும் அலைகள் 1 ஹெர்ட்ஸுக்கு மேலே வலுவாக இருக்கும், சூரியக் காற்று தருபவை அதற்குக் கீழே. இரண்டும் மெலியும் பட்டை 1 ஹெர்ட்ஸை ஒட்டியே அமைந்திருக்கிறது. இயற்கையின் குரல் மிகவும் தாழ்ந்து ஒலிக்கும் இடத்தில்தான் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு நிலையத்திலும் பொறுமை வேண்டும். மின்முனைகளைக் குழி தோண்டி, உப்புநீர் கலந்த களிமண்ணில் பதிக்க வேண்டும். காந்தச் சுருளை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து மண்ணில் புதைக்க வேண்டும். கம்பியைக் காற்றில் ஆட விட்டால், பூமியின் காந்தப்புலத்தில் அது ஆடும் ஆட்டமே மின்னழுத்தமாகப் பதிவாகிவிடும். ஆகவே நீளம் முழுவதும் மண்ணைப் போட்டு அமர்த்த வேண்டும். நிலக்கடலை வயல்களில் பம்புசெட் ஓடும் நேரத்தில் பதிவு குப்பையாகிவிடும். இரவில் பதிவு செய்து, தொலைவில் மற்றொரு நிலையத்தையும் ஒரே நேரத்தில் இயக்கி, இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கேம்பிள், கூபோ, கிளார்க் மூவரும் 1979இல் காட்டிய வழி இது. இத்தனையும் செய்த பதிவைப் பற்றி வாதிடுவோம்.

நிலவியல் மாணவி எழுதியது:

ஒரு கேள்வி. மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் துளையிட்டபோது 933 மீட்டர் பசால்ட்டுக்கு அடியில் நேரடியாக கிரானைட் வகை அடிப்பாறைதான் வந்தது என்று படித்தேன். அங்கே எம்.டி. என்ன சொன்னது?

கருங்கல் எழுதியது:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். தடை மிகுந்த அடிப்பாறையின் மேல் பசால்ட் அமர்ந்திருக்கிறது, நடுவில் சொல்லிக்கொள்ளும்படியான படிவு இல்லை என்பதே எம்.டி.யின் படம். துளையும் அதையே காட்டியது. நான் சொல்லும் முன்னுரிமைக்கு இதுவே ஆதாரம். தடித்த படிவு இல்லாத இடங்களை எம்.டி. மலிவாகக் கழித்துத் தந்துவிடும். மிச்ச இடத்தில் நண்பர் அதிர்வலை தம் கருவிகளைப் பரப்பட்டும்.

ஈவுச் சிக்கலை நான் மறுக்கவில்லை. ஆனால் மின்சாரம் எளிதாகப் பாயும் அடுக்கு எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பதை எம்.டி. நன்றாகவே சொல்லும், அதாவது பசால்ட்டின் தடிமன் கிடைத்துவிடுகிறது. ஐயம் அடுக்கின் அடிப்பக்கத்தைப் பற்றியது மட்டுமே. லோதிகாத் துளையில் அளந்த மின்தடையை வைத்து அதையும் கட்டுப்படுத்தலாம்.

அதிர்வலை எழுதியது:

லோதிகாவில் அளந்தது லோதிகாவுக்குப் பொருந்தும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் மணற்பாறை களிப்பாறையாக மாறியிருக்கலாம், நீரின் உப்பும் மாறியிருக்கலாம். பிறகு அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?

‘இல்லை’ என்ற விடையையும் அளந்துதான் எழுத வேண்டும். 1993 நிலநடுக்கத்துக்குப் பிறகு மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் துளையிட்டார்கள். 338 மீட்டர் பசால்ட், அதன் அடியில் சில மீட்டரே தடித்த படிவு, பிறகு அடிப்பாறை. அந்த மெல்லிய படிவை எந்த எம்.டி. நிலையமும் கண்டிருக்காது. மாணவி இதைக் குறித்துக்கொள்ளட்டும்: எம்.டி. ‘படிவு இல்லை’ என்றால் ‘தடித்த படிவு இல்லை’ என்றே பொருள். அறிக்கையில் படிவின் தடிமன் 600 மீட்டர் என்று ஒற்றை எண்ணைப் போடுவதை நிறுத்துங்கள். 400 முதல் 900 வரை எதுவும் பொருந்தும் என்றால் அதை அப்படியே அச்சிடுங்கள். துளையிடப் பணம் போடுகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கருங்கல் எழுதியது:

வரம்பை அச்சிட வேண்டும் என்பதில் முழு உடன்பாடு. எது முதலில் என்பதில் என் கருத்து மாறவில்லை.

களப்பணி எழுதியது:

வரம்பு போடுவதானால் இன்னொன்றையும் அதில் சேருங்கள். மின்முனைக்கு அருகில் கரிசல் மண் திட்டு ஒன்று இருந்தால் போதும், ஒவ்வோர் அலைவெண்ணிலும் கிடைத்த மின்தடையை வரைந்த வளைவு முழுவதும் உருமாறாமல் அப்படியே மேலோ கீழோ நகர்ந்துவிடும். நான்கு மடங்கு நகர்ந்தால் ஆழம் இரண்டு மடங்கு பிசகும்; 700 மீட்டர் பசால்ட் 1,400 ஆகிவிடும். வளைவைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. தரையில் கம்பி வளையம் விரித்து, மின்னோட்டத்தை நிறுத்தியபின் தேயும் காந்தப்புலத்தை அளந்தால் அந்தப் பிசகு தெரிந்துவிடும். அந்த முறைக்கு மண்ணில் மின்முனையே தேவையில்லை. வளைய அளவீடு எடுக்காத நிலையத்தின் ஆழத்தை நான் வரைபடத்தில் ஏற்றுவதில்லை. கருங்கல், நீங்கள் காட்டும் சௌராஷ்டிரா நிலையங்களில் அதை எடுத்தவை எவை என்று பிரித்துப் போடுங்கள், மேலே பேசலாம்.