ஆர்.டி.டி. பாசிட்டிவ், ஸ்லைடு நெகட்டிவ்: மலேரியாவில் எதை நம்புவது?

நீலத்துளி கேட்கிறார்:

வணக்கம். மலேரியா சந்தேகத்தில் வரும் மாதிரிகளுக்கு ஆர்.டி.டி. (விரைவுப் பரிசோதனை) கார்டு, ஸ்லைடில் தடித்த ரத்தப் பூச்சு, மெல்லிய ரத்தப் பூச்சு மூன்றையும் செய்கிறோம். கார்டில் கன்ட்ரோல் கோடு தவிர இரண்டு கோடுகள்: ஃபால்சிபேரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி இனத்துக்கு எச்.ஆர்.பி.2 என்ற புரதம், எல்லா இனத்துக்கும் பொதுவாக பி.எல்.டி.எச். என்ற நொதி. எச்.ஆர்.பி.2 கோடு மட்டும் விழும் மாதிரிகளில் பலவற்றுக்கு ஸ்லைடு நெகட்டிவ் என்று வருகிறது. கார்டு பொய் சொல்கிறதா, ஸ்லைடு படிப்பவர் தவறவிடுகிறாரா என்று முடிவுக்கு வர முடியவில்லை.

ஸ்லைடிலும் சிக்கல் உண்டு. தடித்த பூச்சு சாயத்தில் இருக்கும்போதே செதில் செதிலாக உரிகிறது. உரியாத இடத்தில் நடுப்பகுதி சிவப்பணுக்களோடு அப்படியே நிற்கிறது, மொத்தமும் நீலம் பூத்துத் தெரிகிறது.

எங்கள் முறை: காலையில் ஈ.டி.டி.ஏ. (உறைதடுப்பான்) குழாயில் எடுத்த ரத்தம், மதியம் மொத்தமாகப் பூச்சு. ஹாட் பிளேட்டில் லேசாகச் சூடு காட்டிக் காயவைக்கிறோம். காய்ச்சி வடித்த நீரில் 10% ஜீம்சா சாயம், 10 நிமிடம். சாயத்தைக் கவிழ்த்துவிட்டுக் குழாய் நீரில் கழுவுகிறோம். எங்கே மாற்ற வேண்டும்?

---

நூறுஃபீல்டு பதில்:

கார்டைப் பிறகு பார்க்கலாம். இந்த ஸ்லைடை வைத்து நெகட்டிவ் என்று யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. நீங்கள் எழுதிய ஒவ்வொரு படியிலும் ஒரு கோளாறு இருக்கிறது.

முதலில் ஹாட் பிளேட். தடித்த பூச்சின் அடிப்படையே சிவப்பணுக்கள் சாயத்திலுள்ள நீரில் உடைந்து ஹீமோகுளோபின் வெளியேறுவதுதான். அப்போதுதான் பல அடுக்கு ரத்தத்துக்குள் ஒளி ஊடுருவும். சூடு காட்டினால் சிவப்பணு அப்படியே நிலைப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு நேரம் சாயத்தில் வைத்தாலும் உடையாது. நடுவில் சிவப்பணுக்கள் மிஞ்சுவதற்குக் காரணம் இதுதான். சமதளத்தில், தூசியும் ஈயும் அண்டாமல், அறைக் காற்றில் காயட்டும். (ஈயும் கரப்பானும் காய்ந்த ரத்தத்தைத் தின்றுவிடும். மூடி வைக்காத தட்டில் காலையில் பூச்சில் ஓட்டைகள் தெரிந்தால் சாயத்தைத் திட்ட வேண்டாம்.) சூடு காட்டாவிட்டாலும், வெப்பமும் ஈரமும் மிகுந்த அறையில் ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் பூச்சு தானாகவே நிலைப்பட்டுவிடும். அதனால் காய்ந்த அன்றே சாயமேற்றுங்கள். மெத்தனால் மெல்லிய பூச்சுக்கு மட்டும். ஓரிரு விநாடி முக்கி எடுத்தால் போதும். ஒரே ஸ்லைடில் இரண்டும் இருந்தால் தடித்த பூச்சு மேலே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். மெத்தனால் வழிந்து தொட்டாலும், அதன் ஆவி பட்டாலும் தடித்த பூச்சு கெட்டுவிடும்.

அடுத்தது உரிவது. ஸ்லைடில் எண்ணெய்ப் பசை, அளவுக்கு மீறிய ரத்தம், ஈ.டி.டி.ஏ. மூன்றும் இதற்குக் காரணமாகலாம். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்லைடு சுத்தமானது என்று நம்பாதீர்கள். சோப்புக் கரைசலில் கழுவி, சோப்பு துளியும் மிஞ்சாமல் அலசி, ஆல்கஹாலில் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய சோப்பும் சிவப்பணுவை உடைத்து மெல்லிய பூச்சைக் கெடுக்கும். தடித்த பூச்சுக்கு 6 மைக்ரோலிட்டர், 12 மில்லிமீட்டர் வட்டம். மெல்லியதற்கு 2 மைக்ரோலிட்டர். காயாத தடித்த பூச்சை அச்செழுத்தின் மேல் வைத்தால் எழுத்து மங்கலாகவேனும் படிக்கக் கிடைக்க வேண்டும். உறைதடுப்பான் கலந்த ரத்தம் விரல் நுனி ரத்தம் போலக் கண்ணாடியில் பிடிக்காது. கூடுமானவரை விரல் நுனி ரத்தத்தில் நேரடியாகப் பூச்சு போடுங்கள். ஈ.டி.டி.ஏ. தான் வழி என்றால் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். மதியம் வரை காத்திருக்கும் குழாயில் ஒட்டுண்ணிகளின் வடிவம் குலையும், வைவாக்ஸ் என்ற இன்னொரு இனம் புகுந்த சிவப்பணுவில் தெரியும் ஷஃப்னர் புள்ளிகள் மங்கும். ஆண் கேமட்டோசைட் (ஒட்டுண்ணியின் பாலின வடிவம்) கசையிழைகளை வெளியே விடுவதும் உண்டு. அதைச் சுருள் பாக்டீரியா என்று எழுதிவிடுவார்கள்.

பிறகு நீர். காய்ச்சி வடித்த நீரின் பி.எச். யாருக்கும் கட்டுப்படாது. மலேரியாவுக்கு 7.2 வேண்டும். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.7 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.0 கிராம், ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீர், அவ்வளவுதான் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்). மீட்டரில் பார்த்து, குறைந்தால் டைசோடியம் உப்பின் 2% கரைசலையும் கூடினால் பொட்டாசியம் உப்பின் 2% கரைசலையும் சொட்டுச் சொட்டாக விட்டுச் சரிசெய்யுங்கள். அமிலப் பக்கம் போனால் எல்லாம் இளஞ்சிவப்பு, காரப் பக்கம் போனால் உங்கள் ஸ்லைடு போல நீலம். ரத்தவியல் பிரிவில் வழக்கமாக வைத்திருக்கும் 6.8 பஃபரைக் கடன் வாங்கவே கூடாது. வெள்ளையணு அழகாக வரும். ஷஃப்னர் புள்ளிகள் வராது, வைவாக்ஸா இல்லையா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

10% சாயத்துக்கு ஒரு ஸ்லைடுக்கு 0.3 மில்லிலிட்டர் மூலச்சாயம், 2.7 மில்லிலிட்டர் பஃபர், 10 முதல் 15 நிமிடம். அவசரமில்லாத தொகுதிக்கு 3% சாயத்தில் 45 முதல் 60 நிமிடம் வையுங்கள். தரமும் கூடும், பூச்சும் குறைவாக உரியும். கலந்த சாயத்தைக் கால் மணிக்குள் பயன்படுத்துங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மூலச்சாயப் புட்டிக்குள் ஈரமான பிப்பெட் ஒருமுறை போனாலே சாயம் கெட ஆரம்பிக்கும்.

கடைசியாக, கவிழ்க்காதீர்கள். சாயத்தின் மேல் உலோகப் பளபளப்போடு ஒரு ஏடு மிதக்கும். கவிழ்த்தால் அது அப்படியே பூச்சின் மேல் படியும். ஸ்லைடின் ஓரத்தில் பஃபரை மெதுவாக விட்டு ஏட்டை மிதக்கவைத்து வெளியே தள்ளுங்கள். குழாய் நீரை நேராகப் பூச்சின் மேல் விடவே வேண்டாம்.

---

கோடுவாசகர் பதில்:

ஸ்லைடு சரியான பிறகும் இந்த முரண் முழுவதும் மறையாது. காரணம் எச்.ஆர்.பி.2-வின் இயல்பு. ஒட்டுண்ணி செத்த பிறகும் இந்தப் புரதம் ரத்தத்தில் பல வாரம் தங்கும். சிகிச்சை முடிந்து ஒரு மாதம் தாண்டியும் கோடு விழலாம். பி.எல்.டி.எச். உயிருள்ள ஒட்டுண்ணி உண்டாக்கும் நொதி. ஒட்டுண்ணி ஒழிந்தால் பெரும்பாலும் சில நாட்களில் அதுவும் போய்விடும், கேமட்டோசைட் மிஞ்சினால் மட்டும் கொஞ்சம் நீடிக்கும். ஆகவே எச்.ஆர்.பி.2 மட்டும் விழுந்தால் படிவத்தில் முதலில் தேட வேண்டியது, அண்மையில் மலேரியா மருந்து சாப்பிட்டாரா என்பது. அந்தக் கட்டமே படிவத்தில் இல்லையென்றால் இன்றே சேருங்கள்.

மருந்து எடுக்கவில்லை என்றால் அதே கோட்டுக்கு வேறு பொருள். பி.எல்.டி.எச். கோடு எச்.ஆர்.பி.2 அளவுக்குக் கூர்மையானது அல்ல. ஒட்டுண்ணி குறைவாக உள்ள உண்மையான ஃபால்சிபேரத்திலும் எச்.ஆர்.பி.2 மட்டும் தெரியும். அதோடு, ஃபால்சிபேரத்தின் முதிர்ந்த வடிவங்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். விரல் நுனிக்கு வராது. அவை விடும் புரதம் மட்டும் ரத்தத்தில் சுற்றும். இந்த நிலையில் கார்டு சொல்வதுதான் உண்மை, ஸ்லைடுதான் பின்தங்கியிருக்கிறது.

மறுபக்கத்தையும் மறக்க வேண்டாம். எச்.ஆர்.பி.2 மரபணுவே நீங்கிய ஃபால்சிபேரம் உண்டு. பெருவில் கண்டது 2010-இல் வெளியானது, பிறகு எரித்ரியாவிலும் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியிலும் பரவலாகத் தெரிந்தது. அங்கே பொதுக் கோடு மட்டும் விழும், பார்ப்பவர் வைவாக்ஸ் என்று எழுதுவார். இந்த நீக்கத்தால் கார்டு தவறவிடும் ஃபால்சிபேரம் 5 சதவீதத்தைத் தாண்டினால், எச்.ஆர்.பி.2-வை மட்டும் நம்பாத கார்டுக்கு மாறச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒட்டுண்ணி மிக மிக அதிகமாக இருக்கும்போதும் எச்.ஆர்.பி.2 கோடு மங்கலாம், மறையலாம். பிணைய வேண்டிய இடங்களை அளவுக்கு மீறிய புரதம் நிரப்பிவிடுவதால் வரும் வினை இது. நோயாளி மோசமாக இருந்து கோடு மங்கல் என்றால், ரத்தத்தை உப்புக் கரைசலில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி போடுங்கள். கோடு தடித்தால் காரணம் தெரிந்துவிட்டது.

கையாளும் பிழைகள் சில: பஃபர் துளி கூடுவது, வேறு கிட்டின் பஃபரை ஊற்றுவது, குறித்த நேரம் தாண்டிப் படிப்பது. பெட்டியில் 15 நிமிடம் என்றிருந்தால் ஒரு மணி கழித்துத் தெரியும் மங்கிய கோட்டை எழுதாதீர்கள். பையைப் பிரித்தவுடன் பயன்படுத்த வேண்டும். ஈரம் உறிஞ்சிய கார்டில் ஓட்டம் கெடும். ரத்தத்தில் முடக்குவாதக் காரணி என்ற எதிர்ப்புரதம் உள்ளவர்களிடம் பொய்யான பாசிட்டிவ் வருவதும் தெரிந்த விஷயம்.

---

நீலத்துளி:

நன்றி, இருவருக்கும். இரண்டு சந்தேகம். தடித்த பூச்சில் சின்னச் சின்ன ஊதாப் புள்ளிகளை ஒருவர் வளையம் (ஒட்டுண்ணியின் இளம் வடிவம்) என்கிறார், ஒருவர் பிளேட்லெட் என்கிறார். எப்படிப் பிரிப்பது? எத்தனை ஃபீல்டு (நுண்ணோக்கியில் ஒரே பார்வையில் தெரியும் வட்டம்) பார்த்தால் நெகட்டிவ் என்று எழுதலாம்?

---

நூறுஃபீல்டு:

இரண்டு நிறம் ஒரே பொருளில், ஒரே ஃபோகஸில் தெரிய வேண்டும்: சிவப்புக் குரோமாட்டின், அதை ஒட்டி நீலச் சைட்டோபிளாசம். பிளேட்லெட்டுக்கு வெளிர் ஊதாவில் ஓரம் தெளியாத உடல், உள்ளே துகள். சாயப் படிவு பூச்சுக்கு மேலே வேறு மட்டத்தில் நிற்கும். ஃபைன் ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பினால் காட்டிக்கொடுத்துவிடும். பழைய பஃபரில் வளர்ந்த பாக்டீரியாவும் பூஞ்சையும் இதே குழப்பம் தரும். முதலில் வெள்ளையணுவைப் பாருங்கள். அதன் கரு அடர் ஊதாவாகவும் பின்புலம் தெளிவாகவும் இல்லாத ஸ்லைடில் ஒட்டுண்ணியைத் தேடுவது வீண். ஒரு ஃபீல்டுக்கு 10 முதல் 20 வெள்ளையணு என்றால் தடிமன் சரி.

100 மடங்கு ஆயில் லென்ஸில் குறைந்தது 100 ஃபீல்டு. அதற்கு முன் நெகட்டிவ் கிடையாது.

---

எண்ணிக்கை பதில்:

100 ஃபீல்டின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபீல்டுக்கு 15 வெள்ளையணு என்றால் 100 ஃபீல்டில் 1,500. மைக்ரோலிட்டருக்கு 8,000 என்று கொண்டால் நீங்கள் பார்த்தது 0.19 மைக்ரோலிட்டர் ரத்தம்தான். மைக்ரோலிட்டருக்கு 5 ஒட்டுண்ணி இருந்தால் இந்த அளவில் எதிர்பார்ப்பது சராசரியாக ஒன்று; தேர்ந்தவர் படித்தாலும் பத்தில் நான்கு முறை எதுவும் கண்ணில் படாது. கழுவும்போது போகும் ஒட்டுண்ணிகள் வேறு. அதனால் அறிக்கையில் ‘மலேரியா இல்லை’ என்று எழுதாமல் ‘100 ஃபீல்டில் ஒட்டுண்ணி காணப்படவில்லை’ என்று எழுதுங்கள்.

பாசிட்டிவ் என்றால் எண்ணிக்கை கட்டாயம். 200 வெள்ளையணு எண்ணும்போது 100 ஒட்டுண்ணிக்குக் குறையாமல் கிடைத்தால் அங்கே நிறுத்தலாம், 99 அல்லது அதற்குக் கீழே என்றால் 500 வெள்ளையணு வரை போக வேண்டும். ஒட்டுண்ணி எண்ணிக்கையை 8,000-ஆல் பெருக்கி, எண்ணிய வெள்ளையணுவால் வகுங்கள். 200-க்கு 150 என்றால் மைக்ரோலிட்டருக்கு 6,000. மலேரியாவில் வெள்ளையணு குறைவது சகஜம் என்பதால் உண்மை எண்ணிக்கை கையில் இருந்தால் 8,000-க்குப் பதில் அதையே போடுங்கள். அவருக்கு 4,000 தான் என்றால் மேலே சொன்ன 6,000 பாதியாகி 3,000 ஆகிவிடும். கேமட்டோசைட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், தனியாகக் குறியுங்கள்.

---

காய்ச்சல்வார்டு பதில்:

வார்டு பக்கத்திலிருந்து கொஞ்சம். மருந்து எடுக்காதவருக்கு எச்.ஆர்.பி.2 மட்டும் பாசிட்டிவ், ஸ்லைடு நெகட்டிவ் என்று அறிக்கை வந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி பூச்சு எடுக்கச் சொல்வோம். சந்தேகம் தீராவிட்டால் மூன்று முறை வரை. ஆனால் நினைவு தடுமாறுதல், மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் போன்ற தீவிர அறிகுறிகள் இருந்தால் இரண்டாவது ஸ்லைடுக்காக மருந்தை நிறுத்திவைப்பதில்லை. ஊசி வழி ஆர்ட்டிசுனேட் கிலோவுக்கு 2.4 மில்லிகிராம், 20 கிலோவுக்குக் கீழுள்ள குழந்தைக்கு 3 மில்லிகிராம். 0, 12, 24 மணி, பிறகு தினம் ஒன்று. குறைந்தது 24 மணி நேரம் ஊசி கொடுத்து, விழுங்க முடிந்ததும் முழுக் கூட்டு மருந்துக்கு மாற்ற வேண்டும். இதற்குப் பிறகு நான்கு வாரம் ஹீமோகுளோபினைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டுண்ணி போன பிறகு தாமதமாகச் சிவப்பணு சிதைவது இந்த மருந்தில் உண்டு.

சிகிச்சையைக் கண்காணிக்க எச்.ஆர்.பி.2 கார்டு கேட்டு அனுப்பும் மருத்துவர்களுக்கு ஆய்வகமே மறுப்பு எழுதலாம். மூன்றாம் நாள் தேவைப்படுவது ஸ்லைடு எண்ணிக்கை. அப்போது கேமட்டோசைட் மட்டும் தெரிந்தால் மருந்து தோற்றதாக அர்த்தமில்லை. அதனால்தான் அதைத் தனியாக எழுதச் சொல்கிறோம்.

இனம் தெரியாமல் ‘மலேரியா பாசிட்டிவ்’ என்று மட்டும் வரும் அறிக்கையால் எங்களுக்குப் பாதி வேலைதான் நடக்கும். வைவாக்ஸ் என்றால் கல்லீரலில் உறங்கும் வடிவத்துக்குப் பிரைமாகுயின் தினம் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 மில்லிகிராம், 14 நாள் வேண்டும்; கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லை. ஜி-6-பி-டி நொதி குறைந்தவருக்கு இதே அளவு சிவப்பணுவைச் சிதைக்கும். அந்த நொதிக்கான பரிசோதனையை எப்போது எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அண்மையில் சிவப்பணு சிதைந்து இளம் அணுக்கள் கூடியிருக்கும்போதும், ரத்தம் ஏற்றிய பிறகும் குறைபாடு இருப்பவருக்கே இயல்பு என்று வரலாம். மாதிரி அனுப்பும் படிவத்தில் ரத்தம் ஏற்றிய தேதிக்கும் ஒரு கட்டம் வையுங்கள்.