மறு: மாக்டெயிலுக்குத் தமிழ்ச்சொல் – ‘விளாவல்’ என்பதை முன்வைக்கிறேன்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மாக்டெயில் (mocktail) என்னும், மது சேர்க்காமல் பல நீர்மங்களைக் கலந்து செய்யும் குளிர்பானத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நடந்துவரும் இழையை முழுவதும் படித்தேன். ‘போலிமது’, ‘மதுவிலாக் கலவை’, ‘குளிர்கலவை’ ஆகிய மூன்று சொற்களைச் சுற்றியே பேச்சு நடந்திருக்கிறது. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

‘போலிமது’ ஆங்கிலச் சொல்லின் முற்பாதியை (mock – போலி) அப்படியே பெயர்த்தது. தமிழில் இந்தச் சொல்லைக் கேட்பவருக்குக் கள்ளத்தனமாகக் காய்ச்சி விற்கப்படும் சாராயமே நினைவுக்கு வரும். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கும் கொடுக்கக்கூடிய ஒன்றுக்கு அந்தப் பெயர் ஆகாது. (முற்பாதியைப் பெயர்த்தவர் பிற்பாதியையும் விட்டுவைக்காமல் ‘போலிச் சேவல்வால்’ என்று எழுதாதது நம் நல்லூழ்.)

‘மதுவிலாக் கலவை’யில் பொருட்பிழை இல்லை. ஆனால் ஒரு பொருளை அதில் இல்லாததைச் சொல்லிச் சுட்டினால், அதில் இருப்பது எதுவும் பெயரில் ஏறுவதில்லை. மோரும் சுண்ணாம்புக் கரைசலும்கூட மதுவிலாக் கலவைகள்தாம். மது சேர்ந்த கலவைப் பானமான காக்டெயில் (cocktail) என்றால் என்ன என்பதற்கு 1806இல் ஓர் அமெரிக்க இதழ் தந்த விளக்கம் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: ஏதேனும் ஒரு வடிமது (காய்ச்சி வடித்த மது), சர்க்கரை, நீர், கசப்புச் சாறு ஆகியவை சேர்ந்தது என்று அது சொல்கிறது. இந்த நான்கில் மதுவை எடுத்துவிட்டாலும், இனிப்பும் கசப்பும் நீரும் ஒன்றையொன்று அடக்கி ஒரு நிலைக்கு வரவேண்டும் என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது. கடையில் விற்கும் கசப்புச் சாறுகளில் பெரும்பாலானவை மதுவில் ஊறவைத்து எடுக்கப்படுபவை என்பதால், வீட்டில் மதுவின்றிச் செய்பவர் அவற்றையும் தவிர்த்து, ஆறிய தேயிலை வடிநீரிலிருந்தோ எலுமிச்சைத் தோலிலிருந்தோ அந்தக் கசப்பையும் துவர்ப்பையும் பெறவேண்டியிருக்கிறது. இவ்வளவு வேலையும் இந்தப் பானத்தில் நடக்கும்போது, ‘இதில் மது இல்லை’ என்பதை மட்டும் பெயராக வைப்பது குறையாகப் படுகிறது.

‘குளிர்கலவை’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பனிக்கட்டியோடு உப்பைச் சேர்த்து வெப்பநிலையைக் கீழிறக்கும் கலவையை வேதியியலில் ‘உறைகலவை’ என்கிறோம். அதன் பக்கத்திலேயே இன்னொரு குளிர்கலவையை நிறுத்தினால் மாணவர்கள் குழம்புவார்கள்.

இனி ‘விளாவல்’. கொதிக்கும் நீரில் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, விரலை விட்டுப் பார்த்து, இன்னும் ஒரு குவளை ஊற்றி, உடம்பு தாங்கும் பதத்துக்குக் கொண்டுவருவதை ‘வெந்நீர் விளாவுதல்’ என்று இன்றும் வீடுகளில் சொல்கிறோம். ‘வளாவுதல்’ என்பாரும் உண்டு. கலத்தல் என்னும் வினைக்கு எங்கே நிறுத்துவது என்ற கணக்கு கிடையாது. மணலையும் சிமெண்டையும்கூடக் கலக்கலாம். விளாவுதலில் அந்தக் கணக்கு உள்ளேயே இருக்கிறது: நீர்மங்களைச் சேர்க்கவேண்டும், சேர்த்துச் சேர்த்துச் சோதிக்கவேண்டும், பதம் வந்ததும் நிறுத்தவேண்டும். இந்தப் பானத்தைச் செய்பவர் செய்வதும் அதுவேதான்.

‘விளாவுதல் சூட்டைத் தணிப்பதற்குத்தானே, சுவைக்கு எப்படிப் பொருந்தும்’ என்று கேட்கலாம். பொருள் சற்று விரிகிறது என்பது உண்மை. ஆயினும் சூட்டைத் தணிக்கும் பொருளும் இங்கே முற்றிலும் விலகிவிடவில்லை. ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது ஏறத்தாழ 334 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. உருகாமல் ஒரு பாகை (1°C) மட்டும் சூடேறுவதற்கு அது எடுத்துக்கொள்வது சுமார் 2.1 ஜூல்தான். ஆகவே பனிக்கட்டியோடு சேர்த்துக் குலுக்கும்போது பானத்தைக் குளிர்விப்பது பெரும்பாலும் பனிக்கட்டியின் உருகலே. குளிர்ச்சி வேண்டுமென்றால் நீர்த்தலையும் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். எந்த அளவு குளிர்ச்சிக்கு எந்த அளவு நீர்த்தல் என்று கண்டு நிறுத்துவது, வெந்நீர்ப் பானைக்கு முன்னால் நின்று நாம் செய்வதன் மறுபக்கம்.

சொல்லமைப்பிலும் இடையூறு இல்லை. வறுவல், பொரியல், துவையல் என்று, செய்யும் வினையோடு ‘அல்’ சேர்த்துச் செய்த பொருளுக்குப் பெயரிடுவது நம் அடுக்களையின் பழைய வழக்கம். விளாவல் அந்த வரிசையில் தானாக உட்கார்ந்துகொள்கிறது. புதினா விளாவல், இஞ்சி விளாவல் என்று அடை சேர்ப்பதும் எளிது. காக்டெயிலுக்கு என்ன செய்வது என்றால், அதை ‘மதுவிளாவல்’ என்று அழைத்துவிடலாம். அடைமொழியை மது சேர்ந்ததற்குக் கொடுத்து, வெறும் பெயரை மது சேராததற்கு வைத்துக்கொள்வதே முறை என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் இது தலைகீழாக இருக்கிறது, அதை நாம் பின்பற்றவேண்டிய கட்டாயம் இல்லை.

தலைச்சொல்லைவிட எனக்குக் கவலை தருவது துணைச்சொற்கள். செய்முறை ஒன்றைத் தமிழில் எழுதி, என் அக்கா மகளிடம் கொடுத்துச் செய்துபார்க்கச் சொன்னேன். ‘சர்க்கரைப் பாகு 30 மி.லி.’ என்று எழுதியிருந்தேன். பாகு என்றதும் அவள் அடுப்பில் ஏற்றி, இரு விரலுக்கிடையே கம்பி இழுக்கும்வரை காய்ச்சிவிட்டாள். குளிர்ந்த சாற்றில் ஊற்றியதும் அது நூல்நூலாக இறங்கிக் கண்ணாடிக் குவளையின் அடியில் கட்டிநின்றது. கரண்டியால் சுரண்டினாலும் அசையவில்லை. பிழை அவளுடையதன்று, என் சொல்லுடையது. எடையில் சர்க்கரையும் நீரும் சமமாக எடுத்து, கரையும் அளவுக்கு மட்டும் சூடுகாட்டும் நீர்மத்துக்குப் ‘பாகு’ என்பது மிகை. ‘இளம்பாகு’ என்று குறித்தால் காய்ச்சக்கூடாது என்பது சொல்லிலேயே தெரியும்.

அதே தாளில் ‘புதினாவை இடித்து’ என்றும் எழுதியிருந்தேன். அவள் உரலிலிட்டு நன்றாகவே இடித்தாள். கருத்த துகள்கள் வடிகட்டியைத் தாண்டி வந்தன, வாயில் வைத்தால் பச்சிலைக் கசப்பு. புதினாவின் மணத்தைத் தரும் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்சுரப்பிகளில் இருக்கிறது. மெல்ல அழுத்தினாலே அது வெளிப்பட்டுவிடும். இலையைச் சிதைத்தால்தான் உள்ளிருக்கும் கசப்பும் கருமையும் கலந்துவருகின்றன. இந்தச் செயலுக்குக் ‘கசக்குதல்’, ‘நசுக்குதல்’ என்று இழையில் வந்த இரண்டும் சிதைப்பதையே சொல்கின்றன. அடிபட்ட தோல் கிழியாமல் நிறம் மாறுவதைக் ‘கன்றுதல்’ என்கிறோம் அல்லவா? இலையைக் ‘கன்றவைத்தல்’ என்றால், கிழியாத அளவுக்கு அழுத்து என்பது கையோடு வந்துவிடுகிறது.

குலுக்கும் கலத்துக்குக் ‘குலுக்கி’ போதும். நீர்த்தல், வடித்தல் ஆகியவை இருக்கவே இருக்கின்றன. சோடாவைச் சோடா என்றே எழுதலாம்; அதற்கு ‘வளிநீர்’ என்று புதிதாகச் செய்வதில் எவருக்கும் பயனில்லை.

சொற்கள் நிற்குமா என்பதைப் பட்டியலில் வைத்துப் பார்ப்பதைவிட வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதே சரி என்பதால், திருத்திய செய்முறையைக் கீழே தருகிறேன். ஒரு குவளைக்கான அளவு இது.

“பத்துப் புதினா இலைகளைக் குலுக்கியின் அடியில் இட்டு, 30 மி.லி. இளம்பாகை ஊற்றி, மரக்கரண்டியின் பின்புறத்தால் நான்கைந்து முறை அழுத்திக் கன்றவைக்கவும். 30 மி.லி. எலுமிச்சைச் சாறும், ஆறவைத்த கடுந்தேயிலை வடிநீர் 45 மி.லி.யும் சேர்த்துச் சுவைத்துப் பார்க்கவும். குளிர்ந்தபின் நாவுக்கு இனிப்புக் குறைந்து தெரியும் என்பதால், இப்போது சற்றுத் தூக்கலாக இருப்பதே சரி. குலுக்கியைப் பனிக்கட்டியால் நிரப்பி மூடி, வெளிப்புறம் வியர்க்கும்வரை பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்கவும். புதிய பனிக்கட்டி இட்ட குவளையில் வடித்து, குளிரவைத்த சோடா 90 மி.லி.யை ஓரமாகச் சரித்து ஊற்றவும். சோடாவைக் குலுக்கியில் சேர்க்கக்கூடாது. வளியின் அழுத்தத்தால் மூடி தெறித்துவிடும். இறுதியாக ஒருமுறை மட்டும் கிளறி, பதம் பார்த்து, விளாவலைப் பரிமாறவும்.”

இதை இரண்டாம் முறை அவளிடமே கொடுத்தேன். ஒரே ஓர் இடத்தில்தான் நின்று கேட்டாள்: ‘கடுந்தேயிலை’ என்பது ஒரு தேயிலை வகையா, அல்லது கடுப்பமாக இறக்கிய வடிநீரா என்று. அதற்கு இன்னும் சொல் அகப்படவில்லை. உங்களுக்கு ஏதும் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.