மின்கட்டண அட்டை வேண்டாம், காசட்டை இருக்கட்டும்

மினிபஸ்ஸில் காசுக்குப் பதில் நீட்டப்போகும் கார்டுக்கு 'மின்கட்டண அட்டை' என்ற பெயரைப் பலரும் முன்வைக்கிறார்கள். மின்னணு முறையில் கட்டணம் செலுத்தும் அட்டை என்று விரித்துப் பார்த்தால் பிழையில்லை. ஆனால் மதுரைப் பக்கம் ஒத்தக்கடையில் நின்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். மூன்று பேருக்கு மீட்டர் பெட்டிக்குள் சொருகி வைக்கும் ஈ.பி. கார்டுதான் நினைவுக்கு வரும். மின்கட்டணம் என்றால் கரண்ட் பில் என்று ஊரே முடிவு செய்துவிட்ட பிறகு நாம் போய் மாற்ற முடியாது.

'ஸ்மார்ட் கார்டு' என்றே விடலாம் என்பவர்களுக்கும் அதே சிக்கல். 2017இல் ரேஷன் கார்டு பிளாஸ்டிக்குக்கு மாறியதிலிருந்து நம்மூரில் அந்தப் பெயர் அதற்குப் போய்விட்டது. 'பயண அட்டை' நல்ல தமிழ்தான், ஆனால் அது பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் தொங்கும் பஸ் பாஸ். பாஸ் ஓர் உரிமை. எத்தனை முறை காட்டினாலும் அதில் எதுவும் குறையாது. இந்தக் கார்டிலோ ஏறி இறங்கும்போதெல்லாம் பணம் குறைகிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் கண்டக்டர்தான் பாவம்.

பணம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் நாடு முழுக்க ஒரே கார்டு என்று 2019 மார்ச்சில் தொடங்கிய என்சிஎம்சி வகைக் கார்டில் (2023இல் மெட்ரோவுக்கு வந்து 2025இல் மாநகரப் பேருந்துக்கும் நீண்ட சிங்காரச் சென்னை அட்டை இந்த வகைதான்) சிப்புக்குள்ளேயே ஒரு சிறு தொகை இருக்கிறது. டிக்கெட் மிஷின் அதிலிருந்து நேராகக் கழித்துக்கொள்ளும், அந்த நொடியில் நெட் தேவையில்லை. பேருந்து எட்டாத ஊர்களுக்காக 1997இல் தொடங்கியவை மினிபஸ்கள். கண்மாய்க் கரையில் சிக்னல் போனாலும் டிக்கெட் போட முடிவது அவற்றுக்குப் பெரிய வசதி. இதன் மறுபக்கமும் உண்டு. போனில் பணம் போட்ட உடனே அது கார்டுக்குள் வந்துவிடாது, மிஷினில் ஒரு தடவை வைத்தால்தான் ஏறும். "போட்டேன், மெசேஜ் வந்துச்சு, கார்டுல காணோமே தம்பி" என்று ஒரு பெரியவர் கேட்டால் கண்டக்டர் இதை எப்படி விளக்குவார்? ஆக, காசு கார்டுக்குள் இருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும்.

அதனால்தான் 'காசட்டை' என்கிறேன். காசும் ஓலையும் சேர்ந்து காசோலை ஆனது. வங்கியில் யாரும் முகம் சுளிக்கவில்லை. காசும் அட்டையும் சேர்ந்தால் காசட்டை. பேருந்து என்ற சொல்லை இதில் திணிக்க வேண்டாம், நாளைக்கு இதே கார்டு மெட்ரோவிலும் கடையிலும் செல்லும். கால்சட்டை மாதிரிக் காதில் விழுகிறது என்று ஒருவர் கேலி செய்தார். மதுரையில் டவுசரை யார் கால்சட்டை என்கிறார்கள்!

மிஷினில் கார்டைக் காட்டும் செயலுக்குத் 'தட்டு', 'தொடு' இரண்டும் வேண்டாம். சில சென்டிமீட்டர் தூரத்திலேயே மிஷின் படித்துவிடும். தட்டச் சொன்னால் நம் ஆட்கள் உண்மையிலேயே தட்டுவார்கள். "கார்டை வைங்க" என்பதே போதும். ரீசார்ஜுக்குப் 'பணம் ஏற்றுதல்'. இதில் சண்டைக்கு இடமில்லை.

எனக்கு உண்மையில் சிக்கலாகப் படுவது செட்டில்மெண்ட்தான், அதாவது கார்டில் கழித்த பணம் ஓனர் கணக்குக்குப் போய்ச் சேரும் வேலைக்கு என்ன பெயர் என்பது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனருக்கு ராத்திரி கலெக்‌ஷன் கைக்கு வந்தால்தான் காலை டீசல், டிரைவர் பேட்டா எல்லாம். இப்போது பாக்கியை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்தாவது பையில் நோட்டு சேர்கிறது. கார்டு வந்தால் அந்தப் பணம் வங்கிக்குப் போய், எந்த வண்டிக்கு எவ்வளவு என்று பிரிந்து, பிறகே வரும். இதைத் 'தீர்வு' என்று எழுதினால் ஏதோ பிரச்சினைக்கு விடை கிடைத்துவிட்டது போல் இருக்கிறது. 'கணக்குத் தீர்ப்பு' கோர்ட்டுக்கு இழுக்கிறது. ஓனர்கள் வாயில் வரும் 'வசூல்' என்ற சொல்லை விடாமல் 'வசூல் பிரிப்பு' என்று வைக்கலாமா? பிரித்த பணம் கணக்கில் ஏறும் நாளுக்கு 'வசூல் வரவு நாள்' என்றும் எழுதலாம். ஒப்பந்தத் தாளில் ஓனர் முதலில் தேடும் வரி அதுவாகத்தான் இருக்கும்.