மறுமொழி: ‘ரன்’ பொத்தானுக்கு ‘இயக்கு’ வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம்.

நாலு நாளாகப் பதில் எழுத முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பெரியப்பாவின் கிணற்று மோட்டார் எரிந்துபோய், அதைத் தூக்கிக் காயில் (உள்ளே இருக்கிற கம்பிச் சுற்று) கட்டக் கொடுத்துவிட்டு வருவதற்குள் இங்கே முப்பது மடல் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் படித்தேன். நம் செயலியில் நிரலை (புரோகிராமை) ஓட வைக்கிற ‘ரன்’ பொத்தானுக்குத் தமிழில் என்ன போடுவது என்ற கேள்வியில், பெரும்பாலும் ‘இயக்கு’ பக்கம்தான் சாய்கிறது. எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பாதிக் காரணம் அந்த மோட்டார்தான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா வைத்திருப்பது கைபேசியில் போட்டு நிறுத்துகிற ஸ்டார்ட்டர். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் அதுவே மோட்டாரை நிறுத்திவிடும், ஆங்கிலத்தில் அதற்கு ‘டிரை ரன்’ தடுப்பு என்று பெயர். யாரோ அதைத் தமிழாக்கி ‘உலர் ஓட்டம் கண்டறியப்பட்டது’ என்று செய்தி வர வைத்திருக்கிறார்கள். பெரியப்பா அதைப் படித்துவிட்டு, “உலர் ஓட்டம்னா என்னப்பா, மோட்டார வெயில்ல காயப்போடச் சொல்லுதா?” என்று கேட்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே புரியவில்லை. கரண்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, ஆளைக் கூட்டிவந்து அந்தத் தடுப்பைக் கழற்றி நேரடியாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார். நீர்மூழ்கி மோட்டாருக்குச் சூடு தணிப்பதே சுற்றியிருக்கிற தண்ணீர்தான், அது இல்லாமல் ஓடினால் புஷ்ஷும் காயிலும் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் இந்த நிலைமைக்கு நல்ல பேச்சு இருக்கிறது. “மோட்டார் காத்து வாங்குது”, “தண்ணியில்லாம சும்மா ஓடுது” என்பார்கள். ‘கிணற்றில் தண்ணீர் இல்லை’ என்று மட்டும் போட்டிருந்தால் போதும், கலைச்சொல்லே தேவைப்பட்டிருக்காது.

சரி, இப்போது நம் வேலைக்கு வருகிறேன். மாணவர்கள் நிரல் எழுதிப் பழகும் செயலிக்குத் தமிழ் முகப்பு. ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> ரன் என்பதற்கு ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட வேண்டும். இல்லாவிட்டால் மாணவர்கள் குழம்புவார்கள்.

ஐயா, இங்கேதான் நாம் தடுக்கி விழுகிறோம். அந்தச் சொல் ஆங்கிலத்திலேயே ஒரு சொல் இல்லை. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள் காட்டி அதுவே முதலிடத்தில் இருந்தது, புதிய திருத்தத்தில் ‘ரன்’ 645 பொருளோடு அதை முந்திவிட்டது. இவ்வளவையும் ஒரு தமிழ்ச் சொல் தூக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? அவர்களுக்கு மூக்கு ‘ரன்’ ஆகும், நமக்கு ஒழுகும். சுங்குடிச் சேலையைத் தண்ணீரில் நனைத்தால் அவர்களுக்குச் சாயம் ‘ரன்’ ஆகும், நமக்குச் சாயம் போகும். அவர்களுடைய ரோடு ஓடுகிறது, நம்முடையது மேலூர் வழியாகத் திருச்சிக்குப் போகிறது. கடையை நடத்துகிறோம், சர்க்கரை தீர்ந்துபோகிறது, காய்ச்சல் அடிக்கிறது. தேர்தலில் அமெரிக்காக்காரர் ஓடுகிறார், இங்கிலாந்துக்காரர் நிற்கிறார், நம் ஆளும் நிற்கத்தான் செய்கிறார். அப்புறம் என்ன, ஆங்கிலேயர்களே ஒத்துப்போகவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. மோட்டார் தானே ஓடினாலும் ‘ரன்’, நான் அதை ஓட வைத்தாலும் ‘ரன்’, இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வடிவம். தமிழ் அப்படி விடாது. ஓடு–ஓட்டு, இயங்கு–இயக்கு, திரும்பு–திருப்பு என்று யார் செய்கிறார் என்பதை வினையே சொல்லிவிடும். படம் ஓடியது என்றால் ஒரு பொருள், படத்தை ஓட்டினார்கள் என்றால் வேறு பொருள் என்பது மதுரைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2,563 இருக்கையோடு 1952இல் திறந்த தங்கம் தியேட்டர் இருந்த ஊர் இது. அவ்வளவு பெரிய கொட்டகையில் படம் ‘ஓடினால்’ அது வெற்றி, ‘ஓட்டினால்’ ரசிகர் மன்றத்துக்குச் செலவு. பொத்தானில் ஒரு சொல்லும், பொத்தானை அழுத்திய பிறகு வரும் நிலைக்கு வேறு வடிவமும் வரத்தான் வேண்டும், மாணவர்கள் குழம்ப மாட்டார்கள், வீட்டில் அப்படித்தானே பேசுகிறார்கள்.

> ‘ஓட்டு’ என்று போட்டால் வாக்குச்சாவடி ஞாபகம் வருகிறது.

வருகிறதுதான், ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் ‘ஓட்டு’ என்று முன்மொழிந்தவனே நான், இப்போது திரும்பப் பெறுகிறேன். வாக்கு மட்டுமில்லை, ஓட்டு வீடு இருக்கிறது, ‘சும்மா ஓட்டாதடா’ என்ற கிண்டல் இருக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, நம் பட்டியிலேயே (மெனு) நகலெடு, வெட்டு, அதற்குக் கீழே ‘ஒட்டு’ இருக்கிறது. ஒட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம். மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்ட அவ்வளவு பாடுபட்டார், நாம் அதை மலிவான கைபேசியின் எட்டாம் அளவு எழுத்தில் மறுபடி சேர்த்துவைக்க வேண்டாம்.

அதோடு, ஓட்டுவது என்றால் கூடவே இருந்து செய்வது. பஸ் ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை விட்டு எழுந்து போக முடியாது. செல்லூரில் தறி ஓட்டுகிறவரும் அப்படித்தான், கையும் காலும் அதிலேயே இருக்கும். நிரலை நாம் அப்படியா செய்கிறோம்? பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

> ‘ஓடு’ பேச்சு வழக்கு. கால் உள்ளவைதான் ஓடும். கணினிக்கு ‘இயங்கு’, ‘இயக்கு’ என்பதே செம்மை.

இந்த மடலைப் பார்த்ததும்தான் எனக்குச் சுறுசுறுவென்று வந்தது. குறள் 496ஐ எடுத்துப் பாருங்கள்: ‘கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து’. தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது. ஏழு சீருக்குள் ஓடு என்ற வினை மூன்று முறை, மூன்றும் வண்டி வாகனத்துக்கு. (அங்கே ‘கால்’ என்பது சக்கரம், அதனால் கால் உள்ளதுதான் ஓடும் என்று சொன்ன நண்பர் ஒரு வகையில் சரி.) சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு மறுநாள் கீழமாசி வீதி தேரடியிலிருந்து கிளம்புவதற்குப் பெயர் தேரோட்டம். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்தாலும் யாரும் தேரியக்கம் என்று சொன்னதில்லை.

‘இயக்கு’ கெட்ட சொல் இல்லை. ஆனால் அதன் தலையில் ஏற்கெனவே எவ்வளவு சுமை பாருங்கள். டிரைவர் மென்பொருளுக்கு இயக்கி, டிரைவுக்கு இயக்ககம், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இயங்குதளம், சினிமாவுக்கு இயக்குநர், கட்சிக்காரருக்கு இயக்கம். ‘இயக்ககத்தில் உள்ள இயக்கியை இயக்க இயலவில்லை’ என்று ஒரு பிழைச்செய்தி வந்தால் அதைப் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? ஆங்கிலத்தில் நாலு தனித்தனிச் சொல்லாக இருந்ததை நாமே ஒன்றாக அடைத்துவிட்டு, அப்புறம் தமிழில் துல்லியம் இல்லை என்று புலம்புகிறோம்.

சரி, என்னதான் போடுவது? நான் சொல்வது: ஓடவிடு.

மோட்டார்க் கடையில் காயில் கட்டி முடித்ததும் மெக்கானிக் சொன்னது இதுதான், “பத்து நிமிசம் ஓட விட்டுப் பாருங்கண்ணே, அப்புறம் எடுத்துட்டுப் போங்க.” தொடங்கிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, அது பாட்டுக்கு ஓடுகிறதா என்று பார்ப்பது. நிரலுக்கு நாம் செய்வது அச்சு அசலாக அதுவே. ஓட்டு, ஒட்டு, வாக்கு எதோடும் மோதாது. திரையில் இடம் பற்றிக் கவலைப்பட்டவருக்கு: இயக்கு நாலெழுத்து, ஓடவிடுவும் நாலெழுத்து. ‘ஓடவிடவும்’ என்று மரியாதை சேர்க்க வேண்டாம். பொத்தான் என்பது பயனர் இயந்திரத்துக்குச் சொல்கிற கட்டளை, நாம் பயனருக்குச் சொல்வதில்லை. விளக்க வரிகளில் ‘அழுத்துங்கள்’ என்று எழுதும்போது மரியாதை தானாக வந்துவிடும்.

மற்றவை இதிலிருந்தே வரும். நிலைக்கு ‘ஓடுகிறது’. முன்பு எத்தனை முறை ஓடியது என்ற பட்டியலுக்கு ‘ஓட்டம்’, கடைசி ஓட்டம், மூன்றாம் ஓட்டம் என்று. ரன்டைமுக்கு, அதாவது நிரல் ஓடிக்கொண்டிருக்கிற நேரத்துக்கு, ‘ஓடுநேரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அது நன்றாகவே இருக்கிறது, ஓடுதளம் என்ற சொல்லை மதுரை விமான நிலையச் செய்தியில் படித்துப் பழகியவர்கள்தானே நாம். ஆனால் பிழைச்செய்தியில் மட்டும் ‘ஓடும்போது பிழை’ என்று பிரித்தே போடலாம், புதுப் பிள்ளைக்கு அது சட்டென்று புரியும்.

நிரலில் வரும் ‘டிரை ரன்’ வேறு விஷயம். நிஜமாக எதையும் மாற்றாமல் ஒருமுறை ஒத்திகை பார்ப்பது. இதற்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதே இல்லை. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் சாமி இல்லாமல் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்களே, வெள்ளோட்டம், அதுதான். சாமி இல்லாத தேர், கோப்பைத் தொடாத நிரல். தயவுசெய்து ‘உலர் ஓட்டம்’ மட்டும் வேண்டாம், பெரியப்பாவுக்கு மறுபடி செலவு வைக்காதீர்கள்.

சனிக்கிழமை இரவு கோப்பைப் பதிவேற்றப் போகிறேன். அதற்குள் ‘ஓடவிடு’ வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், ‘செம்மையாக இல்லை’ என்று மட்டும் எழுதினால் கணக்கில் எடுக்க மாட்டேன். ‘ஸ்டாப்’புக்கு நிறுத்து, அதில் யாருக்கும் சண்டை இல்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உசிலம்பட்டிக்காரன்

பி.கு.: மோட்டாரை இன்று காலை இறக்கியாயிற்று, ஓடுகிறது. தண்ணீர்தான் இன்னும் ஊறவில்லை.