தொழில்நுட்பப் பூங்கா வந்தால் ஊர் வளருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கூட்டுரோடு கடைக்காரர்:

வணக்கம். திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. செம்மண் பூமி. முந்திரியும் சவுக்கும்தான் எங்களுக்குத் தெரிந்த பணப்பயிர். 2024 பிப்ரவரியில் இங்கே மினி டைடல் பூங்கா, அதாவது மென்பொருள் நிறுவனங்களுக்கான அலுவலகக் கட்டடம், திறந்தார்கள். அதிலிருந்து நிலத் தரகர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள்.

எனக்குச் சாலையை ஒட்டிப் பதினான்கு சென்ட் இருக்கிறது. முன்பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விற்றுவிட்டுப் புதுச்சேரியில் வீடு வாங்கலாம் என்கிறார் மனைவி. மாடி எழுப்பி, வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடலாம் என்கிறான் தம்பி. மகள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் கேட்டது வேறு: "அப்பா, அந்தக் கட்டடத்துக்குள் எனக்கு என்ன வேலை இருக்கும்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

புதிய தொழில்நுட்பம் வந்து வளர்ந்த ஊர் என்று கோவையைச் சொல்கிறார்கள், திருப்பூரைச் சொல்கிறார்கள், சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையைச் சொல்கிறார்கள். அந்த ஊர்களில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வளர்ந்தது ஊரா, ஊருக்குள் வந்தவர்களா?

துரைப்பாக்கம் மகள்:

அண்ணா, தரமணியில் டைடல் பூங்கா 2000-இல் திறந்தபோது எனக்குப் பதினோரு வயது. அப்போது துரைப்பாக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி விட்டால் கை எட்டும் ஆழத்தில் தண்ணீர் இருந்தது. சாலை அகலமானது, அலுவலகங்கள் வந்தன, அப்பா முதல் மாடியையும் இரண்டாம் மாடியையும் வாடகைக்கு விட்டு என்னைப் படிக்க வைத்தார். அதே சாலையில் இருக்கும் ஒரு நிறுவனத்தில்தான் இன்று வேலை பார்க்கிறேன். அதனால் எங்களுக்கு நன்மை நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் சாலைக்கும் கட்டடங்களுக்கும் காட்டிய வேகத்தைக் குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் யாரும் காட்டவில்லை. கிணறு உப்பாகிவிட்டது. வாடகையில் ஒரு பங்கு மாதாமாதம் தண்ணீர் லாரிக்குப் போகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தோம், 2015 வெள்ளத்தில் தண்ணீர் எங்கள் படிக்கட்டில் ஏறி நின்றது.

இன்னொன்று. நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் கண்ணகி நகரில் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் அலுவலகத்தைத் துடைக்கும் பெண்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். ஒருவரோடு ஆறு வருடங்களாகப் பேசிப் பழகுகிறேன். அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அதே சாலையில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஆறு வருடங்களாக அந்தக் கட்டடத்துக்கு வந்துபோகும் அம்மாவின் பிள்ளைக்கு அதற்குள் நுழைய யாரும் வழி காட்டவில்லை. உங்கள் மகளின் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவன்தான் நினைவுக்கு வந்தான்.

மாடி கட்டுவதாக இருந்தால் முதலில் மழைநீர் எங்கே போகும் என்று பாருங்கள், அண்ணா.

கணபதி பட்டறைக்காரர்:

தம்பி, நிலத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உங்கள் மகள் கேட்டதற்குத்தான் பதில் எழுதுகிறேன். என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் கோவையின் கதையும் அதற்குள் வந்துவிடும்.

என் தாத்தாவுக்கு அன்னூர்ப் பக்கம் நான்கு ஏக்கர் தோட்டம். கிணறு எழுபது அடி. விடியும் முன்பே கவலை, அதாவது காளைகளைக் கொண்டு தண்ணீர் இறைக்கும் ஏற்றம், பூட்டிவிடுவார். இரண்டு காளைகளும் சரிவில் இறங்கினால் சால் என்ற பெரிய வாளி மேலே வந்து, அதன் அடியில் இருக்கும் தும்பி என்ற தோல் குழாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். காளைகள் பின்னால் ஏறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். நாள் முழுக்க இறைத்தால் கால் ஏக்கர் நனையும்.

அந்தக் காலத்தில் கோவையில் மில்கள் இல்லாமல் இல்லை. முதல் நூற்பாலை 1888-இலேயே வந்துவிட்டது. சுற்றிலும் கரிசல் மண், பருத்திக்குக் குறைவில்லை. ஆனால் நீராவி எந்திரத்துக்கு வேண்டிய நிலக்கரி வெகுதூரத்திலிருந்து ரயிலில் வர வேண்டும். அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்கள் சிலர்தான். 1932-இல் பைக்காரா மின்திட்டம் வந்தது. நீலகிரியில் 3000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து குழாயில் இறங்கிய தண்ணீர் சிங்காராவில் மின்சாரமாகி, கம்பி வழியாகக் கோவைக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மில் சங்கு ஊதாத திசையே இல்லை என்று அப்பா சொல்வார்.

இது எல்லாரும் சொல்லும் கதை. அதற்கு அடுத்து நடந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மில்லுக்கும் கிணற்றுக்கும் முதலில் வந்த மோட்டார்கள் வெளிநாட்டில் செய்தவை. மோட்டார் எரிந்தால் மில் நின்றுவிடும், கிணற்றடியில் பயிர் காய்ந்துவிடும். கப்பலில் இன்னொன்று வரும்வரை யார் காத்திருப்பது? இங்கிருந்தவர்கள் அதைத் திறந்தார்கள். திறந்து பார்க்கத் துணிந்த கைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இடமும் இருந்தது. பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் 1926-இலேயே தொடங்கிவிட்டது. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டாரை இங்கேயே செய்துவிட்டார்கள். பைக்காரா வந்து ஐந்தே வருடம்.

என் அப்பா 1954-இல், பதினாறு வயதில், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலைக் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எரிந்த மோட்டாரைப் பிரித்துக் கருகிய கம்பியை வெட்டி எடுக்கும்போது ஒரு வாடை வரும். அது அவர் சட்டையிலிருந்து கடைசிவரை போகவில்லை. சின்ன வயதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முதல் வேலை எண்ணுவது. ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி எந்தக் கனம், எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்குத் தாவுகிறது என்று ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதுவார். பிறகு குழிகளைச் சுரண்டித் துடைத்து, காகிதம் மடித்து வைத்து, புதுக் காயிலை மூங்கில் சிம்பால் அழுத்தி இறக்குவார். இரும்பால் அழுத்தினால் கம்பியின் பூச்சு உரிந்துவிடும், ஒரு கீறல் போதும், மறுபடி எரியும். அப்புறம் வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பார். அந்த நோட்டில் பதினெட்டு வருடத்து மோட்டார்கள் இருந்தன. எந்த மோட்டார் எங்கே எரிகிறது என்று அதைப் புரட்டினாலே தெரியும். அந்தக் கடையில் கற்றுக்கொண்டவர்களில் நான்கு பேர் பின்னால் சொந்தமாகப் பம்புசெட் செய்தார்கள். பழுது பார்த்த கைதான் அடுத்த படியில் செய்யும் கையானது.

மாவாட்டும் கிரைண்டரும் இப்படித்தான். 1955-இல் கோவையில் பி.சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்தார். கல்லுக்கு ஊத்துக்குளி இருந்தது, மோட்டாருக்குப் பக்கத்துத் தெரு இருந்தது. பின்னாளில் கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. வீட்டுப் பெண்களின் தோளும் முதுகும் பட்ட பாட்டைக் குறைத்த பொருள் அது. ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்த என் அம்மாவை நினைத்தால் இந்த ஊரின் மிகப்பெரிய கண்டுபிடிப்பு என்று அதைத்தான் சொல்வேன்.

நான் 1985-இல் கோவையின் கணபதிப் பகுதியில் ஒரு பழைய லேத், அதாவது கடைசல் எந்திரம், போட்டுப் பட்டறை தொடங்கினேன். ஒரு பம்பின் உடல் வார்ப்படப் பட்டறையில் பிறந்து என்னிடம் வரும், கடைந்து கொடுத்தால் துளை போடுபவரிடம் போகும், அங்கிருந்து பெயிண்ட் அடிப்பவரிடம் போகும். எல்லாம் சைக்கிள் மிதிக்கும் தூரம். அந்தத் தூரம்தான் கோவையின் பலம். 2008-க்குப் பிறகு சில வருடங்கள் மின்வெட்டு எங்களை உலுக்கியது. நாளில் பாதி நேரம் பட்டறை இருட்டில் கிடந்தது, மூன்று பேர் வேலையை விட்டுப் போனார்கள். பைக்காராவால் எழுந்த ஊருக்கு மின்சாரம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அப்போது பார்த்தேன்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தா எழுபது அடியில் இறைத்த தோட்டத்தில் இப்போது ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊர் செய்த பம்புகள்தான் அந்தத் தண்ணீரைக் காலி செய்தன. இதில் எனக்கும் பங்கு உண்டு. அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகவே தம்பி, பூங்காவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரிப்பதை விட, அங்கே ஏசி பழுதானால், ஜெனரேட்டர் நின்றால், பேட்டரி போனால் யார் வந்து பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

கூட்டுரோடு கடைக்காரர்:

ஐயா, இரண்டு முறை படித்தேன், மகளும் படித்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம். மோட்டாரைத் திறக்கலாம், கம்பியை எண்ணலாம். இப்போது வருகிற தொழில்நுட்பம் முழுக்க மென்பொருள். அதைக் கிராமத்துப் பிள்ளைகள் எப்படித் திறந்து பார்ப்பது என்று கேட்கிறாள்.

கணபதி பட்டறைக்காரர்:

நியாயமான சந்தேகம். கணினி கட்டளையில் ஓடும் கடைசல் எந்திரம் ஒன்றை 2014-இல் கடன் வாங்கிப் போட்டேன். இரண்டாம் வருடம் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி செத்துவிட்டது. விற்ற நிறுவனத்துக்குத் தகவல் சொன்னேன். ஆள் வரப் பதினொரு நாள் ஆனது. வந்தவர் திறந்து பார்க்கவே இல்லை, முழுப் பலகையையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார், எனக்குத் தலை சுற்றியது. கடன் தவணை ஒரு பக்கம், ஆர்டர் ஒரு பக்கம்.

அப்போது ஆவாரம்பாளையத்தில் ஒரு பையனைப் பற்றிச் சொன்னார்கள். டிப்ளமோ படித்தவன், இந்தப் பலகைகளை மட்டும் பழுது பார்க்கிறான் என்று. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பார்த்தான். உப்பிப் போன இரண்டு மின்தேக்கிகளை மாற்றினான், பழைய கட்டளைகளைத் தன் கணினியில் பிரதி எடுத்து வைத்திருந்து மறுபடி ஏற்றினான். அவனிடமும் ஒரு நோட்டு இருந்தது, எந்தப் பலகையில் எது முதலில் போகிறது என்று. என் அப்பாவின் நோட்டைத் திரும்பப் பார்த்தது போல இருந்தது எனக்கு. இன்று அவனிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். திறக்க விடாமல் மூடி வைப்பவர்கள் இப்போது அதிகம் என்பது உண்மைதான். ஆனால் திறக்கும் பிள்ளைகள் இல்லாமல் போகவில்லை.

உங்கள் கூட்டுரோட்டில் காயில் கட்டும் கடை கட்டாயம் இருக்கும். மகளை ஒரு விடுமுறை நாளில் அங்கே கூட்டிப் போங்கள். எரிந்த காயில் ஒன்றை எண்ணச் சொல்லுங்கள்.

நொய்யல் கரை:

பட்டறைக்காரர் ஐயா தண்ணீரைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் நிலம் திருப்பூருக்குக் கீழே, நொய்யலை ஒட்டி. பனியன் தொழில் எங்கள் வட்டாரத்தில் பல லட்சம் பேருக்குச் சோறு போட்டது. என் அண்ணனும் அங்கேதான் டெய்லர். ஆனால் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றோடு வந்தது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டி ஆனது. அணை கட்டச் சொல்லிப் போராடியவர்கள் இருப்பார்கள், தண்ணீரைத் தேக்காதே என்று நீதிமன்றம் போன விவசாயிகள் நாங்கள். தேங்காய் எலுமிச்சை அளவுக்குச் சிறுத்தது. மாடு அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்டவை ஒரே நேரத்தில் நின்றன. அண்ணனுக்கு மாதக்கணக்கில் வேலை இல்லை. வீட்டில் ஒரே தட்டில் இரண்டு கஷ்டமும் இருந்தது. அதன் பிறகுதான் கழிவுநீரைச் சுத்திகரித்து, உப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீரைத் திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறை கட்டாயமானது. அந்தத் தொழில்நுட்பம் முன்பும் இருந்தது. நீதிமன்றம் பூட்டுப் போடும்வரை செலவைக் காட்டித் தள்ளிப்போட்டார்கள்.

உங்கள் ஊர் பூங்காவில் சாயக்கழிவு வராது என்பது சரி. ஆனாலும் ஜெனரேட்டர் எண்ணெய், பழைய பேட்டரி, கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கிராம சபையில் இப்போதே கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். நாங்கள் கேட்க ஆரம்பித்தபோது நேரம் கடந்துவிட்டது.

கூட்டுரோடு கடைக்காரர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை. மகளைக் கூட்டுரோட்டில் இருக்கும் காயில் கடைக்கு அழைத்துப் போனேன். நான் பத்து வருடமாகக் கடந்து போகும் கடை, உள்ளே நுழைந்தது முதல் முறை. கடைக்காரர் முதலில் தயங்கினார், பெண் பிள்ளை, கை கருப்பாகும் என்றார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நீர்மூழ்கி மோட்டாரிலிருந்து எடுத்த காயில் ஒன்றைக் கொடுத்தார். மூன்று முறை எண்ணினாள், மூன்று முறையும் ஒரே எண்ணிக்கை. கடைக்காரர் தன் நோட்டைப் பார்த்தார், இரண்டு சுற்று வித்தியாசம். பிறகு அவரே வாங்கி எண்ணினார். மகள் சொன்னதுதான் சரி. பேனாவை எடுத்து நோட்டில் திருத்திக்கொண்டார்.

சனிக்கிழமை தோறும் வரச் சொல்லியிருக்கிறார். பூங்காவின் ஜெனரேட்டரைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வருவாராம், அவரிடமும் சொல்லி வைப்பதாகச் சொன்னார். தரகரிடம் இந்த வருடம் விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். கிராம சபையில் கேட்க வேண்டியதை மகள் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள். மழைநீர் போகும் வழியையும் அதில் சேர்த்திருக்கிறாள், துரைப்பாக்கம் சகோதரிக்குச் சொல்லச் சொன்னாள்.