பொருள்: 'சூடோஜீன்' என்பதற்குத் 'தூர்மரபணு'

குழுவினருக்கு வணக்கம்.

மரபணுவின் வடிவில் இருந்தும் அதன் வேலையைச் செய்யாத டிஎன்ஏப் பகுதியை ஆங்கிலத்தில் 'சூடோஜீன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'போலி மரபணு' போதும் என்று நம் குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். போலி என்றால் ஒன்றைப்போல் வேடம் கட்டிய வேறொன்று. வைட்டமின் சி உருவாவதன் கடைசிப் படியை முடித்துத் தரும் நொதியின் மரபணு, நம் முன்னோர் உடலில் உண்மையாகவே வேலை செய்து, பின்னர் பழுதானது. வெள்ளாட்டின் ஈரலில் அது இன்றும் வேலை செய்கிறது. நம்மிடமோ 8ஆம் குரோமோசோமில் அதன் சிதைந்த துண்டுகள்தாம் எஞ்சியுள்ளன. ஆட்டுக்கு வேண்டாத நெல்லிக்காய் நமக்கு வேண்டியிருப்பது இதனால்தான். களக்காட்டு மலையின் சிங்கவால் குரங்குக்கும் இதே பழுது உண்டு; அதே காட்டில் வாழும் தேவாங்கின் கிளையில் இல்லை. ஆகவே தேவாங்கின் கிளை பிரிந்த பிறகு, ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன், நமக்கும் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதையிடம் இது நேர்ந்தது என்று கணிக்க முடிகிறது. நம் வழிமுறைக்கு இவ்வளவு துல்லியமாகச் சாட்சி சொல்வதைப் போலி என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தேரி (செம்மணல் மேடு) ஓரத்து ஊர்களில் மணல் விழுந்து தூர்ந்த கிணறுகள் உண்டு. நீரிறைக்க நட்ட கமலைக்கல் நிற்கும், கட்டுமானம் தெரியும், தண்ணீர் மட்டும் இராது. அவற்றை யாரும் போலிக் கிணறு என்பதில்லை. 'தூர்மரபணு' என்று நான் முன்மொழிவது அந்த வழக்கிலிருந்துதான்.

'ஊறுகாய்' போல இதுவும் வினைத்தொகை. தூர்ந்த, தூர்கின்ற, தூரும் என முக்காலத்துக்கும் இடம் தரும். இது இலக்கண நயத்துக்காகச் சொன்னதன்று. மணம் உணரும் ஏற்பிகளுக்கான மரபணுக்களில் ஏறத்தாழ 400 மனிதரிடம் வேலை செய்கின்றன. அதைவிட மிகுதியானவை செயலற்றுவிட்டன. அவற்றுள் சில, ஒருவரிடம் செயல்பட்டும் அடுத்த வீட்டுக்காரரிடம் செயலற்றும் இருக்கின்றன. இன்னும் தூர்ந்து முடியாத இவற்றையும் இச்சொல் தாங்கும். 'தூர்' மரத்தின் அடியையும் குறிக்கும் என்ற தடை சரிதான். ஆயினும் மரபணு என்ற சொல்லோடு சேர்ந்து வருகையில் அந்த மயக்கம் நேராது என்றே கருதுகிறேன்.

எனக்குத் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஆர்என்ஏவிலிருந்து படியெடுக்கப்பட்டு மீண்டும் டிஎன்ஏவில் செருகப்பட்ட படிகளையும் சூடோஜீன் என்றே சொல்கிறார்கள். அவற்றுட்பல தொடக்கமுதலே புரதம் உண்டாக்காதவை. தோண்டும்போதே நீர் காணாத கிணற்றைத் தூர்ந்தது என்பது பொருந்தாது. புற்றுநோயைத் தடுக்கும் பிடென் மரபணுவின் அத்தகைய படி ஒன்று, தன் மூலத்தின் அளவைக் காக்க உதவுகிறது என்று 2010இல் கண்டறிந்தார்கள். எனவே 'செத்த மரபணு' என்ற மற்றொரு பரிந்துரையும் ஆகாது. இவ்வகைக்குப் 'படிமரபணு' என்று தனிச்சொல் வைக்கலாமா என்பதைக் குழுவினர் எழுத வேண்டுகிறேன்.